பழைய கணினிக்குப் புதுப் பிராசசர்: எதைப் பார்த்து வாங்குவது?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பரண்களைச் சுத்தம் செய்யும்போது பழைய கணினிகள் வெளியே வருகின்றன. எண்பதுகளில் வளைகுடாவில் வேலை பார்த்தவர் கொண்டுவந்த எம்.எஸ்.எக்ஸ்., டெசிபெல்ஸ் நிறுவனம் இந்தியாவில் விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ், கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போன 486, அச்சகத்தில் கல்யாணக் கார்டு வடிவமைத்துக்கொண்டிருந்த பென்டியம் என்று பல ரகம். தூசி தட்டி, கரண்ட் கொடுத்து, திரையில் எழுத்து வந்துவிட்டால் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "மக்கா, இதுல 20 மெகாஹெர்ட்ஸ் சிப்பு போட்டா ஆறு மடங்கு ஓடும்லா?"

ஓடாது. 3.5 மெகாஹெர்ட்ஸ் கணினியில் 20 மெகாஹெர்ட்ஸ் சிப்பை மாட்டினால் அதுவும் 3.5 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். சிப்பின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண், அது தாங்கக்கூடிய உச்ச வேகம். உண்மையில் எந்த வேகத்தில் ஓடும் என்பதைப் போர்டில் இருக்கும் கிரிஸ்டலும், அதை வகுத்துக் கொடுக்கும் சர்க்யூட்டும் தீர்மானிக்கின்றன. இது பலருக்கும் தெரிந்ததே. தெரியாத இன்னொன்று இருக்கிறது: அந்தக் காலத்து வீட்டுக் கணினிகள் பலவற்றில் நேரத்தை அளந்ததும் பிராசசர்தான். தனியாக டைமர் சிப் வைத்தால் செலவு கூடும். அதனால் "இத்தனை சுற்று சுற்றினால் இவ்வளவு நேரம்" என்று கணக்குப் போட்டே புரோகிராம் எழுதினார்கள். பிராசசரின் வேகத்தை மாற்றினால் அந்தக் கணக்கு முழுவதும் பிசகிவிடும். ஆகவே போர்டு என்ன கொடுக்கிறது, உங்களுக்கு வேண்டிய மென்பொருள் நேரத்தை எப்படி எண்ணுகிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் பிராசசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெகாஹெர்ட்ஸ் அப்புறம்தான்.

ஸ்பெக்ட்ரத்தை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1982இல் பிரிட்டனின் சின்கிளேர் நிறுவனம் வெளியிட்ட கணினி அது. உள்ளே இருப்பது இசட்80ஏ என்ற பிராசசர். அதற்கு கிளாக், அதாவது தாளம் தட்டும் துடிப்பு, கொடுப்பது யூ.எல்.ஏ. என்ற சிப், 14 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நாலால் வகுத்து 3.5 ஆக்கித் தருகிறது. திரையில் படம் வரைவதும் அதே யூ.எல்.ஏ.தான். படத்துக்கான தகவல் ரேமின் முதல் 16 கிலோபைட்டில் இருக்கிறது. அதை யூ.எல்.ஏ. படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இசட்80 அங்கே கை வைத்தால், யூ.எல்.ஏ. கிளாக்கையே நிறுத்திப் பிடித்துவிடும். எவ்வளவு வேகமான சிப்பைப் போட்டாலும் அந்த இடத்தில் அது காத்துத்தான் நிற்க வேண்டும்.

சரி, யூ.எல்.ஏ.வைச் சுற்றிப்போய், தனி சர்க்யூட் கட்டி 7 மெகாஹெர்ட்ஸ் கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கேசட் என்ன ஆகும்? ஸ்பெக்ட்ரத்தின் டேப்பில் பூஜ்யம் என்ற பிட் 855 கிளாக் நீளமுள்ள இரண்டு துடிப்புகளாகப் பதிவாகிறது. ஒன்று என்ற பிட் 1710 கிளாக் நீளமுள்ள இரண்டு துடிப்புகள். ரோமில் உள்ள லோடிங் ரொட்டீன் ஒரு லூப்பில் சுற்றிக்கொண்டே, துடிப்பு எப்போது மாறுகிறது என்று எண்ணி, இது பூஜ்யமா ஒன்றா என்று முடிவு செய்கிறது. இப்போது கிளாக்கை இரட்டிப்பாக்குங்கள். டேப் ரெக்கார்டரின் மோட்டார் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது. எண்ணுகிறவர் மட்டும் இரண்டு மடங்கு வேகமாக எண்ணுகிறார். 855 என்று எண்ண வேண்டிய துடிப்பு 1710 ஆகிவிடுகிறது. டேப்பில் உள்ள பூஜ்யமெல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. ஒரு விளையாட்டுகூட லோடு ஆகாது. ஒலிக்கும் இதே கதிதான். ஸ்பீக்கரைத் தட்டித் தட்டி நாதம் எழுப்புவது பிராசசரின் லூப் என்பதால், ஸ்ருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். எனவே ஸ்பெக்ட்ரத்தை வேகப்படுத்துகிறவர்கள் பழைய வேகத்துக்குத் திரும்ப ஒரு சுவிட்சும் வைத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் ஸ்பெக்ட்ரத்தில் பிராசசரை மாற்றவே வேண்டாமா? மாற்றலாம், ஆனால் வேறு காரணத்துக்காக. பழைய இசட்80 என்மாஸ் என்ற தயாரிப்பு முறையில் வந்த வகை. நிறைய மின்சாரம் குடிக்கும். அந்தச் சுமையெல்லாம் உள்ளே 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரின் தலையில் விழுந்து, ஹீட்சிங்க் தொட முடியாதபடி கொதிக்கும். சிமாஸ் என்ற பிந்தைய முறையில் வந்த இசட்84சி00 அதில் சிறு பங்கு மின்சாரமே எடுக்கும். சித்திரை, வைகாசியில் புழுக்கம் தாங்காத நம் ஊரில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சூடு குறைவது பெரிய விஷயம். நான் ஸ்பெக்ட்ரத்துக்கு சிமாஸ் சிப்பைப் பரிந்துரைப்பது இதற்காக மட்டுமே. 6 மெகாஹெர்ட்ஸ் ரகமே தாராளம். 20 மெகாஹெர்ட்ஸ் ரகத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

வாங்கிய சிப் உண்மையில் சிமாஸ்தானா என்று ஸ்பெக்ட்ரத்திலேயே சோதிக்கலாம். இரண்டு வகைக்கும் இடையே ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. ஆவணத்தில் இல்லாத ஓர் ஆணை, என்மாஸில் போர்ட்டுக்கு 0 அனுப்பும். சிமாஸில் 255 அனுப்பும். முதலில் பேசிக் மொழியில் பார்டர் 2 என்று கொடுத்து ஓரத்தைச் சிவப்பாக்குங்கள். பிறகு 32768ஆம் நினைவக முகவரியிலிருந்து வரிசையாக 1, 254, 0, 237, 113, 201 என்ற ஆறு எண்களையும் போக் ஆணையால் எழுதி, ரேண்டமைஸ் யூ.எஸ்.ஆர். 32768 கொடுங்கள். ஓரம் கறுப்பானால் என்மாஸ், வெள்ளையானால் சிமாஸ். அடுத்த விசையை அழுத்தினால் ஓரம் பழைய சிவப்புக்கே திரும்பிவிடும் என்பதால் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். புது சிப் என்று விற்றது பழைய சிப்புக்குப் பெயின்ட் அடித்தது என்பதை இந்த ஆறு எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

எம்.எஸ்.எக்ஸ். கதை வேறு. குவைத்தின் அல் ஆலமிய்யா நிறுவனம் சக்ர் என்ற பெயரில் அரபு எழுத்துகளோடு விற்ற கணினிகளும் இந்த ரகம்தான். பிராசசர் அதே இசட்80ஏ, 3.58 மெகாஹெர்ட்ஸ். ஆனால் படம் வரைய டி.எம்.எஸ்.9918 வம்சத்து வீடியோ சிப் தனியாக இருக்கிறது. அதற்கு 16 கிலோபைட் ரேமும் தனி. பிராசசரும் வீடியோவும் ஒரே ரேமுக்குச் சண்டை போடுவதில்லை. விநாடிக்கு 50 அல்லது 60 தடவை வீடியோ சிப் கொடுக்கும் இன்டரப்டை, அதாவது பிராசசரை இடைமறிக்கும் சைகையை, வைத்தே பெரும்பாலான விளையாட்டுகள் நேரத்தைக் கணக்கிடுகின்றன. இதனால் எம்.எஸ்.எக்ஸை 7.16 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் விளையாட்டு தலைதெறிக்க ஓடாது. அதே வேகத்தில், இழுக்காமல் ஓடும். ஜப்பானில் பிற்காலத்தில் பானாசோனிக்கே 5.37 மெகாஹெர்ட்ஸ் வசதியுள்ள எம்.எஸ்.எக்ஸ். வெளியிட்டது.

இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. வீடியோ சிப்புக்கு ஒரு பைட் அனுப்பியபின் அடுத்ததற்குச் சுமார் 8 மைக்ரோவிநாடி இடைவெளி விட வேண்டும். 3.58 மெகாஹெர்ட்ஸில் அது 29 கிளாக். புரோகிராமர் 29 கிளாக் கணக்குப் பார்த்துச் சரியாக எழுதியிருந்தாலும், இரட்டை வேகத்தில் அந்த இடைவெளி பாதியாகிவிடும். திரையில் சில பைட்டுகள் விழாமல் போய்ப் படம் சிதறும். வீடியோ சிப்பைத் தொடும்போது மட்டும் பிராசசரைக் காக்கவைக்கும் சர்க்யூட் உள்ள மேம்பாட்டு போர்டாகப் பார்த்து வாங்குவது இதற்குத் தீர்வு. கேசட்டுக்கு இங்கேயும் பழைய வேகம்தான்.

6502 பிராசசர் உள்ளவற்றில் நம் நாட்டுக்கு நெருக்கமானது பி.பி.சி. மைக்ரோ. எண்பதுகளின் நடுவில் கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் இந்தியப் பள்ளிகளுக்குப் போனது அதுதான். மொஹாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரில் இங்கேயே அதைத் தயாரித்தது. இந்தக் கணினியில் பிராசசரைக் கழற்றி மாற்ற நினைக்கிறவர்களை நான் தடுக்கவே செய்வேன், ஏனென்றால் இதை வடிவமைத்தவர்கள் அதைவிட நல்ல வழியை அடியிலேயே வைத்திருக்கிறார்கள். டியூப் என்ற அந்த இணைப்பில் இரண்டாவது பிராசசரை மாட்டலாம். பழைய 6502 விசைப்பலகை, திரை, டிஸ்க் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். கணக்கையெல்லாம் புதியது செய்யும். 3 மெகாஹெர்ட்ஸ் 6502, 6 மெகாஹெர்ட்ஸ் இசட்80 என்று பி.பி.சி. மைக்ரோவை வடிவமைத்த ஏக்கார்ன் நிறுவனமே விற்றது. 1985 ஏப்ரல் 26 அன்று சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கிய முதல் ஆர்ம் சிப் உயிர் பெற்றதும் ஒரு பி.பி.சி. மைக்ரோவின் டியூப்பில் இணைத்துத்தான். இன்று நம் கையில் உள்ள செல்போன்களின் பிராசசர்கள் அந்த வம்சம். இப்போது பைடியூப்டைரக்ட் என்ற திட்டத்தின்படி ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை டியூப்பில் மாட்டினால், அது 6502 ஆகவும் இசட்80 ஆகவும் ஆர்ம் ஆகவும் மாறி மாறி வேலை செய்யும். பி.பி.சி. 5 வோல்ட், பை 3.3 வோல்ட், நடுவில் மட்டம் மாற்றும் சிறு போர்டு கட்டாயம். நேரம் பிசகுவதில்லை, சோல்டரிங் இல்லை, வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம். பழைய கணினி மேம்பாட்டில் இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

6502 சிப்பே செத்துப்போய் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், டபிள்யூ.டி.சி. நிறுவனத்தின் டபிள்யூ65சி02எஸ் புதிதாகவே கிடைக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸ் தாங்கும். ஆனால் அப்படியே செருகக்கூடாது. பழைய 6502இல் முதல் கால் கிரவுண்ட். புதியதில் அது சிக்னல் வெளியே வரும் கால். செருகினால் அந்த சிக்னல் நேராக கிரவுண்டில் ஷார்ட் ஆகும். முதல் காலை வெளியே வளைத்துவிட வேண்டும், இல்லை அடாப்டர் சாக்கெட் போட வேண்டும். 36ஆம் கால் பழையதில் சும்மா கிடப்பது. புதியதில் அதை ரெசிஸ்டர் வைத்து 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்க வேண்டும். ஆவணத்தில் இல்லாத ஆணைகளைப் பயன்படுத்திய சில பழைய விளையாட்டுகள் இதில் ஓடாது.

பி.சி. பக்கம் வருவோம். 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 பிராசசர் உள்ள ஐ.பி.எம். எக்ஸ்.டி. வகைக்குப் பதில் எளிது: என்.இ.சி. வி20. அதே 40 கால், அதே சாக்கெட், கிளாக்கை மாற்றாமலே கொஞ்சம் வேகம் கூடும். பெருக்கல் மாதிரி வேலைகளில் நன்றாகவே தெரியும். போர்டின் கிளாக்குக்கு ஏற்ற ரகமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

486இல் பார்க்க வேண்டியது வோல்டேஜ். முதல் 486கள் 5 வோல்ட். டி.எக்ஸ்.4 3.3 வோல்ட். ஏ.எம்.டி.யின் 133 மெகாஹெர்ட்ஸ் ஏ.எம்.5எக்ஸ்86 கேட்பது 3.45 வோல்ட். 5 வோல்ட் மட்டும் கொடுக்கும் போர்டில் இவற்றை நேரடியாக மாட்டினால் சிப் எரிந்துபோகும். நடுவில் வைக்க ரெகுலேட்டர் உள்ள அடாப்டர் சாக்கெட் உண்டு. அது கிடைத்தால் ஏ.எம்.5எக்ஸ்86தான் 486 போர்டுக்கு என் முதல் தேர்வு.

பென்டியம், கே6 வகைகளைச் செருகும் சாக்கெட் 7 போர்டுகள்தான் நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பவை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் டி.டி.பி. கடைகளிலும் இருந்தவை. இதில் பழைய பென்டியத்துக்கு ஒரே வோல்டேஜ். பென்டியம் எம்.எம்.எக்ஸுக்கு உள்ளே 2.8, வெளியே 3.3 என்று இரண்டு. ஏ.எம்.டி.யின் கே6-2க்கு உள்ளே 2.2. கே6-2 பிளஸ், கே6-3 பிளஸ் இரண்டுக்கும் 2.0. போர்டின் ஜம்பர் (வோல்டேஜும் வேகமும் தேர்ந்தெடுக்கச் செருகும் சிறு இணைப்பு) அட்டவணையில் எந்த வோல்டேஜ்வரை இருக்கிறதோ, உங்கள் தேர்வு அத்தோடு நின்றது.

போர்டின் வேகத்தைப் பிராசசர் எத்தனையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்வது மல்டிப்ளையர். அதில் ஒரு வசதி இருக்கிறது. பழைய போர்டில் 3.5 என்ற ஜம்பரே இருக்காது, ஆனால் 1.5 என்று வைத்தால் 233 மெகாஹெர்ட்ஸ் எம்.எம்.எக்ஸ். அதை 3.5 என்று எடுத்துக்கொள்ளும். 66ஐ 3.5ஆல் பெருக்கினால் 233. அதேபோல 2 என்று வைத்தால் பிற்கால கே6-2 அதை 6 என்று படிக்கும். 66 மெகாஹெர்ட்ஸ் போர்டிலேயே 400 கிடைக்கும். இருந்தாலும் ரேமுக்குப் போகும் பஸ் என்ற தகவல் பாதை அதே 66தான். எவ்வளவு பெரிய என்ஜின் உள்ள கார் வைத்திருந்தாலும் களியக்காவிளை நெரிசலில் பஸ்ஸுக்குப் பின்னால்தான் ஊர்ந்து போக வேண்டும், அந்த நிலைமைதான். இன்டெலின் 430டி.எக்ஸ். சிப்செட் போர்டுகளில் இன்னொரு குறை: 64 எம்.பி.க்கு மேல் உள்ள ரேமுக்குப் போர்டின் கேஷ், அதாவது வேகமான இடைநினைவகம், கிடையாது. பிராசசருக்குள்ளேயே 256 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ் வைத்திருக்கும் கே6-3 பிளஸ் இந்த இரண்டு குறையையும் பெருமளவு மறைத்துவிடும்.

லூப்பில் நேரம் எண்ணும் பழக்கம் இங்கேயும் துரத்திக்கொண்டு வருகிறது. 350 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ ஓடும் கே6-2இல் விண்டோஸ் 95 தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுபோகும். ஒரு லூப் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. பிற்பாடு அதற்குத் திருத்த ஒட்டு (பேட்ச்) வெளியிட்டார்கள். டர்போ பாஸ்கல் படித்தவர்களுக்கு 'ரன்டைம் எரர் 200' நினைவிருக்கும். புரோகிராம் தொடங்கும்போது அதன் சி.ஆர்.டி. யூனிட், 55 மில்லிவிநாடியில் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். பிராசசர் மிக வேகமாக இருந்தால் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. உடனே பிழை. கல்லூரியில் எழுதிய புரோகிராமைத் திரும்ப ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு பிராசசரை ஏற்றுகிறவருக்கு, அதே பிராசசரால் அந்த ஆசை நிறைவேறாமல் போகிறது.

இதனால்தான் சாக்கெட் 7க்கு நான் கே6-2 பிளஸ் அல்லது கே6-3 பிளஸையே சொல்வேன். அவற்றின் மல்டிப்ளையரை டாஸில் இருந்தபடியே செட்மல் என்ற சிறு புரோகிராமால் மாற்றலாம், கேஷையும் அணைக்கலாம். வேண்டும்போது வேகம், வேண்டாதபோது 386 காலத்து நிதானம். அவை கிடைக்காவிட்டால் 233 எம்.எம்.எக்ஸ்.; பயாஸில் கேஷை அணைத்து அதையும் நன்றாக மெதுவாக்கலாம்.

அச்சகக்காரர்கள் நோக்கம் வேறு. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் பிராசசரைத் தொடாமல் இருப்பதே நல்லது. தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் பலவற்றுக்குப் பிரின்டர் போர்ட்டில் மாட்டும் பூட்டு உண்டு. வேகம் கூடினால் அந்தப் பூட்டுகளில் சில பதில் சொல்லாது. இந்திய மொழிகளுக்கான சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு வைத்திருப்பவர்கள், அதைச் செருகும் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் உள்ள போர்டை விட்டுவிடவே கூடாது. கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்கட்டும்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சங்கடம். ஆனி, ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் உப்புக்காற்று. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். எண்பதுகளின் சிப்புகள் சிலவற்றின் கால்களில் வெள்ளி முலாம்; அது கறுத்துக் கிடக்கும். சாக்கெட்டின் உள்தகடுகளில் பச்சை பூத்திருக்கும். பிராசசர் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், அதை மெல்ல நெம்பி எடுத்து, கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, திரும்பச் செருகிப் பாருங்கள். பல கணினிகள் இதிலேயே எழுந்துவிடும். சாக்கெட் தளர்ந்திருந்தால், கடைந்தெடுத்த துளைகள் கொண்ட நல்ல சாக்கெட்டாக மாற்றிவிடுங்கள். 386, 486 போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால், பிராசசரைப் பற்றி யோசிக்கும் முன்பே அதை வெட்டி எடுங்கள். அது கசிந்து செப்புத் தடங்களைத் தின்றுவிடும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, 1976இல் வந்த இசட்80இன் தனிச் சிப் தயாரிப்பை நிறுத்துவதாக அதன் தயாரிப்பாளரான சைலாக் 2024 ஏப்ரலில் அறிவித்து, அந்த ஜூன் 14 வரை கடைசி ஆர்டர்களை வாங்கியது. அதன்பின் சந்தையில் இருப்பது கையிருப்பும், கழற்றிய சிப்பும், போலியும்தான். அதிவேக ரகம் என்று எழுதியவற்றில் போலி அதிகம். மெதுவான சிப்பின் முதுகைச் சுரண்டி, கறுப்பு பூசி, புது எண் அச்சிடுகிறார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேயுங்கள், பூச்சு கறுப்பாகப் பஞ்சில் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வார்ப்பில் விழுந்த வட்டக் குழியின் அடியும் மேற்பரப்பும் ஒரே பளபளப்பில் இருக்கிறதா என்றும் சாய்த்துப் பாருங்கள். பென்டியம், கே6 வகைகளுக்கு ஆக்கர் (பழைய சாமான்) கடைகள் நல்ல இடம். ஆனால் தங்கத்துக்காகப் பீங்கான் உடல் கொண்ட பிராசசர்களைத் தனியே எடுத்துக் கிலோ கணக்கில் அனுப்பிவிடுகிறார்கள். லாரி ஏறும் முன் போய்ச் சொல்லி வைக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்கு யாராவது போகிறார்கள் என்றால், போர்டின் மாடலையும் ஜம்பர் அட்டவணையின் படத்தையும் சேர்த்தே கொடுத்து அனுப்புங்கள்.

சிப் கைக்கு வந்ததும் நேராக மாட்டிவிட வேண்டாம். சாக்கெட் 7 என்றால் முதலில் ஜம்பரை வைத்துவிட்டு, இரண்டு தடவை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்டை ஹீட்சிங்கிலிருந்து துடைத்துப் புதியது தடவுங்கள், ஃபேன் சுற்றுகிறதா என்று தனியே பாருங்கள். பிராசசரை மாட்டி கரண்ட் கொடுத்த உடனே ரெகுலேட்டர் பக்கம் மல்டிமீட்டரை வைத்து, 2.2 கேட்கும் சிப்புக்கு 2.2தான் போகிறதா என்று அளந்துவிடுங்கள். 2.8 காட்டினால் அந்தக் கணமே சுவிட்சை அணையுங்கள்.